எந்தப் படம் போடுவது?

வட்டம், அம்பு, சதுரம், ஆங்கில 'டி', தலைகீழ் முக்கோணம் - இந்த ஐந்தையும் ஒர்க் ஸ்டடி பரீட்சைக்காக மனப்பாடம் பண்ணாதவர் நம்மில் உண்டா? ஃபிராங்க் கில்பிரெத்தும் அவர் மனைவி லில்லியனும் 1921-ல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர்கள் சங்கத்தில் ப்ராசஸ் சார்ட்டை முன்வைத்தார்கள். 1947-ல் அந்தச் சங்கம் இந்த ஐந்து குறிகளைத் தரப்படுத்தியது. செயல், நகர்வு, சோதனை, தாமதம், சேமிப்பு. எழுதினால் மார்க் நிச்சயம். ஆனால் ஒரு மனிதருடைய வேலையே இந்தக் குறிகளை நம்பி நிற்கும் என்பதை இன்பிளான்ட் ட்ரெயினிங்கில்தான் பார்த்தேன்.

கோவைப் பக்கம் ஒரு பம்ப்செட் சர்வீஸ் பட்டறை. காயில் புகைந்த மோட்டார் வந்தால் திரும்பிப் போக 9 நாள். பயிர் வாடும்போது விவசாயி சும்மா இருப்பாரா? வாசலில் தினமும் சத்தம். "வைண்டிங்தான் லேட். வேற ஆள் போட்டுக்கலாம்" என்று ஆபீசில் பேச்சு. அந்த வைண்டிங் அண்ணன் 20 வருஷமாக அங்கே காயில் கட்டுகிறவர்.

சுவரில் ஒரு ஃப்ளோ சார்ட் ஒட்டியிருந்தது. மோட்டார் வரவு, பிரிப்பு, 'காயில் போச்சா?' என்று ஒரு சாய்சதுரம், பிறகு வைண்டிங், வார்னிஷ், டெஸ்டிங், டெலிவரி. எதற்குப் பின் எது என்பதை அது அழகாகச் சொல்லியது. எத்தனை நேரம், யார் கையில் என்பதைச் சொல்லவில்லை. அதனால் எல்லாப் பழியும் 'வைண்டிங்' கட்டத்தின் மேல் விழுந்தது.

ஒரு மோட்டாரின் பின்னாலேயே நடந்து, ஐந்து குறிகளோடு நேரத்தையும் குறித்தேன். எல்லா வேலையும் சேர்த்து 3 நாள்தான். மீதி 6 நாளும் 'டி'! விவசாயி ரேட்டுக்குச் சம்மதம் சொல்ல 2 நாள், காப்பர் கம்பிக்கு 4 நாள்.

சூப்பர்வைசர் சார் விடவில்லை. "கம்பியக் கேட்டு வாங்காம அவர்தானே உக்காந்திருக்காரு?" என்றார். இது 'யார்?' என்ற கேள்வி. இதற்கு ஸ்விம்லேன் படம் வேண்டும். நீச்சல் குளத்துத் தடங்கள் மாதிரி ஆளுக்கொரு பட்டை. 1990-ல் ரம்லர், பிராக் இருவரும் எழுதிய நூலால் பரவலான முறை. போட்டுப் பார்த்தால், கம்பி இன்டென்ட் அண்ணன் பட்டையிலிருந்து முதல் நாளே கிளம்பிவிட்டது! முதலாளி கையெழுத்துக்காக மேசையில் கிடந்துவிட்டுத்தான் ஸ்டோர்ஸ் போனது.

அதன்பின் ஒரு மோட்டாருக்கான கம்பியை ஸ்டோர்சே கொடுக்கலாம் என்றாயிற்று. ஆள் மாற்றும் பேச்சும் நின்றது. அண்ணன் சொன்னார்: "தம்பி, இதையேதான் நானும் வாயால சொன்னேன். கோடு போட்டுச் சொன்னாத்தான் காதுல ஏறுமாட்ட இருக்குது."

படங்கள் இன்னும் உண்டு. டொயோட்டாவிலிருந்து வந்த வேல்யூ ஸ்ட்ரீம் மேப், ஆர்டர் முதல் டெலிவரி வரை சரக்கும் தகவலும் எங்கே தேங்குகின்றன என்று காட்டும். ஒரே மாதிரிப் பொருள் தொடர்ந்து ஓடும் இடத்துக்கு ஏற்றது. வேலையைக் கம்ப்யூட்டரிடம் ஒப்படைக்கப் போகிறோம் என்றால் பி.பி.எம்.என். இருக்கிறது. அதன் 2.0 பதிப்பு 2011-ல் வந்தது. குறிகள் ஏராளம், பட்டறைச் சுவரில் ஒட்டினால் யாரும் படிக்க மாட்டார்கள்.

ஆகவே ப்ராஜெக்ட்டுக்குப் போகும் ஜூனியர்களே, புத்தகத்தில் எது பெரிய படம் என்று தேடாதீர்கள். வரிசை தெரிய ஃப்ளோ சார்ட், நேரம் தெரிய ப்ராசஸ் சார்ட், யாரிடம் நிற்கிறது என்று தெரிய ஸ்விம்லேன். கேள்வியை முதலில் எழுதுங்கள். போட்ட படத்தை அந்த வேலையைச் செய்கிறவரிடம் காட்டி, "சரியாண்ணே?" என்று கேட்ட பிறகே மேனேஜர் அறைக்குக் கொண்டு போங்கள்.