அம்மா அறைக்கு எந்த வெள்ளை?

புதிய வீவக வீட்டில் எல்லா அறைக்கும் வண்ணம் முடிவாகி, அம்மாவின் அறை மட்டும் மூன்று வாரமாக நின்றது. போட்டியில் இருந்தவை பெஞ்சமின் மூர் பெயின்டில் இரண்டு வெள்ளைகள்: ஒயிட் டவ், சுவிஸ் காஃபி. (பெயரில்தான் காப்பி. பாலில் ஒரு சொட்டு டிகாஷன் விட்ட அளவுக்குக்கூட நிறம் கிடையாது.) இரண்டும் ஒன்றேதான் என்று என் கணவர் சத்தியம் செய்வார்.

எண்களும் அவர் பக்கம்தான். தன்மேல் விழும் ஒளியில் சுவர் எவ்வளவைத் திருப்பித் தருகிறது என்பதற்கு ஓர் அளவு உண்டு. முழுக் கறுப்புக்கு 0, தூய வெள்ளைக்கு 100. ஒயிட் டவ் ஏறக்குறைய 83, சுவிஸ் காஃபி 82. வித்தியாசம் இருப்பது சாயலில். முதலாவதில் லேசான சாம்பல். இரண்டாவதில் மஞ்சள் சற்றுத் தூக்கல்.

கடையில் தரும் சின்னஞ்சிறு அட்டையில் இது பிடிபடாது. பெரிய அட்டைகளில் இரண்டு பூச்சு அடித்து, பக்கத்தில் வெள்ளைக் காகிதம் ஒன்றை வைத்துப் பாருங்கள். காலையில் ஒருமுறை, பிற்பகலில் ஒருமுறை, விளக்கு போட்ட பிறகு ஒருமுறை. 3000 கெல்வின் விளக்கின் கீழ் சுவிஸ் காஃபி வெண்ணெய் ஆகிறது. 6500 கெல்வினில் ஒயிட் டவ்வின் சாம்பல் எட்டிப் பார்க்கிறது. எங்கள் சன்னலுக்கு வெளியே ஒரு தூங்குமூஞ்சி மரம். மாலை நான்கு மணிக்கு அதன் பச்சையும் சுவரில் வந்து உட்காருகிறது. ஒலிப்பதிவு செய்பவர்களுக்கு இது பழகிய சங்கதிதான். காலியான இரண்டு அறைகளின் நிசப்தம் ஒரே மாதிரி இருப்பதில்லை.

அம்மாவுக்கு வலது கண்ணில் மட்டும் புரை அகற்றியாகிவிட்டது. இடது கண் அடுத்து. புரை விழுந்த கண்வில்லையில் மஞ்சள் ஏறியிருக்கும். அதன் வழியே எந்த வெள்ளையும் பழுப்புதான். அட்டைகளுக்கு எதிரே உட்கார்ந்து வலது கண்ணைப் பொத்தினார்.

“இந்தக் கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான்.”

கை மாறியது. ஒயிட் டவ்வைக் காட்டி, “இது ஆஸ்பத்திரிச் சுவரு. அது வீடு,” என்றார்.

சீக்கிரமே இரண்டு கண்ணும் அப்படித்தான் பார்க்கப்போகின்றன. சுவிஸ் காஃபி என்று எழுதிக்கொண்டேன்.

“எந்த வெள்ளைய வேணும்னாலும் அடிம்மா. சுவிட்சு மட்டும் கறுப்பா வாங்கு. வெள்ளைச் சுவத்துல வெள்ளைச் சுவிட்சு, ராத்திரியில தடவித் தடவித்தான் கண்டுபிடிக்கிறேன்.”

சனிக்கிழமை எலெக்ட்ரிஷியன் வருகிறார். அவர் அறைக்கு மூன்று, குளியலறைக்கு ஒன்று.