பத்துப் பங்கு ஆல்கஹால்

ஆஃப்செட் மெஷினில் மையைப் பழக்கிவிடலாம், தண்ணீரைப் பழக்குவதுதான் கஷ்டம். பிளேட்டில் படம் இல்லாத இடமெல்லாம் ஈரமாக இருந்தால்தான் மை அங்கே ஒட்டாது. வெறும் தண்ணீரோ அவ்வளவு மெல்லிசாகப் பரவாது. பரவட்டும் என்று கூட்டிவிட்டால் மை வெளுக்கும், காகிதம் ஈரம் குடித்து நீளும், நாலு கலரும் ரெஜிஸ்டர் விலகும். சிவகாசியில் இதற்கு நாங்கள் ஊற்றுவது ஐ.பி.ஏ. என்கிற ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்.

தண்ணீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன். நூற்றுக்குப் பத்துப் பங்கு ஆல்கஹால் சேர்ந்தால் 40 வாக்கில் இறங்கிவிடும். கலவை சற்றுக் கெட்டிப்படுவதால் ரோலரும் அதை ஒரே சீராக ஏந்திப் போகும். 82 டிகிரியில் கொதிக்கிற சரக்கு என்பதால் பாதி வழியிலேயே ஆவியாகி, போகும்போது ரோலரின் சூட்டையும் கொண்டுபோகும்.

கலப்பதில் வரிசை முக்கியம். முதலில் தண்ணீர், அடுத்து பவுண்டன் சொல்யூஷன், கடைசியில்தான் ஆல்கஹால். மாற்றி ஊற்றினால் சொல்யூஷனில் இருக்கும் கருவேலங்கோந்து, பால் திரிவதுபோலத் திரிந்துவிடும். மிதவை மானியை மட்டும் நம்பியும் இருக்க முடியாது. தொட்டி நீரில் உப்பும் கோந்தும் ஏற ஏற அடர்த்தி கூடும், ஆல்கஹால் குறைவதுபோல மானி காட்டும். அதைப் பார்த்து ஊற்றிக்கொண்டே இருப்பவர்கள் உண்டு.

எனக்கு மனம் கொதிப்பது இங்கேதான். காலண்டர் சீசனில் ராவும் பகலும் ஓட்டம். "அண்ணே, பிளேட் அழுக்கடிக்குது" என்று பையன் சொன்னதும் முதலாளி கை கேனுக்குப் போகும். அழுக்கு நிற்கும், உண்மைதான். ஆனால் கோளாறு இறுகிப்போன டேம்பர் ரோலரில், இல்லாவிட்டால் அதன் அழுத்தத்தில் இருக்கும். ஆல்கஹால் அதை மூடி மறைக்கும், அவ்வளவுதான். அந்தப் பையன்தான் தலைவலியோடு அந்த ஆவியைச் சுவாசிக்கிறான். அது காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். சுத்தமான ஐ.பி.ஏ. 12 டிகிரியிலேயே தீப்பிடிக்கும் ஆவியை விடும். எங்கள் ஊர் மார்கழியில்கூட அவ்வளவு குளிராது.

அதனால் என் மெஷினில் ரோலர் அழுத்தத்தைச் சரிபார்த்து, தொட்டி நீரைக் குளிர்பெட்டியில் 12 டிகிரிக்குக் கொண்டுவந்த பிறகுதான் கேனைத் திறக்க விடுவேன். ரோலர் நல்லபடி இருந்தால் ஐந்து பங்கிலேயே பிளேட் சுத்தமாக ஓடுகிறது.