இரண்டு கோடு

சித்தப்பாவுக்கு ஊரில் இரண்டு செல்லம். ஒன்று, இருபது வருஷத்துக்கு மேலாக வைத்திருக்கும் பழைய டிராக்டர். இன்னொன்று, அதை ஓட்டும் பேரன். பேரனுக்கு வயது பதினாறு. வாரியத்தில் உட்காரவே முப்பத்தைந்து வயது ஆகியிருக்க வேண்டும் என்று 921-லேயே கல்லில் வெட்டிவைத்த உத்திரமேரூர் எங்களுக்குப் பக்கத்து ஊர்தான். ஆனால் காவாந்தண்டலத்தில் டிராக்டர் ஓட்ட, கால் பெடலுக்கு எட்டினால் போதும்!

தை மாத அறுப்புக்குப் போயிருந்தேன். டிரெய்லரில் 75 கிலோ மூட்டை அறுபது ஏற்றி மில்லுக்குக் கிளம்பினார்கள். நாலரை டன். இழுக்கிற வண்டியோ ரெண்டு டன்கூடத் தேறாது. நானும் சித்தப்பாவும் பின்னால் மொபெட்டில்.

செய்யாற்றங்கரை மேட்டிலிருந்து ரோடு இறங்குகிற இடம். எதிரே டவுன் பஸ். பையன் பிரேக்கை மிதித்தான். வண்டி நிற்பதற்குப் பதிலாக மூக்கை வலது பக்கம் திருப்பியது. அதாவது பஸ்ஸைப் பார்த்து! பின்னால் இருக்கிற நாலரை டன் சும்மா இருக்குமா, ‘போ போ’ என்று தள்ளுகிறது. பஸ் டிரைவர் புண்ணியவான், மண்ணில் இறக்கி ஒதுங்கிவிட்டார். டிராக்டர் ரோட்டைத் தாண்டி ஒரு மண்மேட்டில் முட்டி நின்றது. எட்டு மூட்டை கிழிந்து நெல் கொட்டியது. ஆளுக்குச் சேதமில்லை. இறங்கிய பையனுக்குக் கால் நிற்கவில்லை. அடிக்க ஓங்கின கையை சித்தப்பா அப்படியே அவன் தலையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் உத்திரமேரூரிலிருந்து மெக்கானிக் வந்தார். வண்டியைத் தொடவேயில்லை. பையனிடம் ஒரே ஒரு கேள்வி.

“ஏர் ஓட்டசொல்ல எந்தப் பக்கம் திருப்புவே?”

“லெப்டுதாண்ணே.”

“அப்ப அதான்.”

டிராக்டருக்கு முன் சக்கரத்தில் பிரேக் கிடையாது. பின் சக்கரம் இரண்டுக்குத்தான். அதற்கும் தனித்தனிப் பெடல். கழனி ஓரத்தில் சட்டென்று திரும்ப ஒரு பக்கத்தை மட்டும் மிதிப்பார்கள். ரோட்டுக்கு வந்தால் இரண்டையும் கொக்கி போட்டுச் சேர்த்துவிட வேண்டும். பையன் கொக்கி போட்டிருந்தான். பாவம், அதில் தப்பில்லை. ஆனால் வருஷக்கணக்கில் இடது பெடலையே மிதித்து அந்தப் பக்கத்து லைனிங் தேய்ந்துபோயிருந்தது. பெடல் ஒன்றாக இறங்கினாலும் வலது சக்கரம் முதலில் பிடித்துக்கொள்ளும். இடது சக்கரம் உருண்டுகொண்டே இருக்கும். காலி வண்டியில் இது தெரியாது. லோடு சொல்லிக் கொடுத்தது.

டிரெய்லரைக் கழற்றி, முன் சக்கரத்துக்குக் கல் கொடுத்து, பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, கட்டைமேல் நிறுத்தினார். டிரம்மைக் கழற்றி லைனிங்கைப் பார்த்தார். முதலில் தேடியது ஆயில் கசிவைத்தான். “சீல் போய் லைனிங்குல ஆயில் ஏறிட்ச்சின்னா, நான் எவ்ளோ முறுக்கினாலும் வேஸ்ட்டு சார்.” நல்லவேளை, கசிவு இல்லை. இடது பக்கத்துக்குப் புது லைனிங். பிறகு சக்கரம் கையால் சுற்ற முடியாமல் பிடிக்கிற வரைக்கும் திருகை இறுக்கி, உரசாமல் சுற்றுகிற அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினார். வலது பக்கமும் அதே மாதிரி.

“நல்லா டைட்டாவே வச்சிடேன்” என்றார் சித்தப்பா.

“உரசிக்கினே ஓடினா சூடேறும் நைனா. சூடேறினா, வேணும்ன்ற நேரத்துல வழுக்கும்.”

சென்னையில் ஜீப்பை உயரத் தூக்கி, யானைக்கால் சைஸில் டயர் மாட்டிக்கொண்டு திரிகிற பிள்ளைகள் ஞாபகத்துக்கு வந்தார்கள். டயர் பெரிதானால் அதை நிறுத்த பிரேக்கும் அதிகமாக உழைக்க வேண்டும். ஸ்டிக்கருக்குச் செலவு செய்கிறவர்களில் எத்தனை பேர் டிரம்மைக் கழற்றிப் பார்த்திருப்பார்கள்?

வேலை முடிந்தது என்று நினைத்தேன். இல்லை. அறுப்பு முடிந்து காய்ந்து கிடந்த கழனியில் வண்டியை மெதுவாக ஓடவிட்டு, ஒரே மிதி. மண்ணில் இரண்டு டயரும் இழுத்துக் கோடு போட்டன. வலது கோடு ஒரு முழம் நீளம். இடது, அரை முழம். மறுபடி இடது திருகு. மறுபடி ஓட்டம். மூன்றாம் தடவை சித்தப்பா தோள் துண்டை எடுத்து இரண்டு கோட்டையும் அளந்தார். சரியாக இருந்தது. நம்பாமல் இன்னொரு தரம் அளந்தார்.

சாயங்காலம் மிச்ச நெல்லை ஏற்றினார்கள். ஓட்டியது லைசென்ஸ் வைத்திருந்த பக்கத்துக் கழனிக்காரர். பையன் கீழே நின்று மூட்டை எண்ணினான். முப்பத்தைந்து ஆனதும் சித்தப்பா கையைக் காட்டி நிறுத்தினார்.

“இன்னும் இருபது ஏத்தலாம் தாத்தா.”

“தோ இருக்குது மில்லு. இன்னொரு நடை போனா இன்னா... டீசலுதானே?”

டீசல் விஷயத்தில் சித்தப்பா ‘தானே’ போட்டு நான் கேட்டதேயில்லை.