மலடன் என்றொரு சொல்

மலடி என்ற சொல்லைக் கேட்காமல் எங்க தெருவில் யாரும் வளர்ந்ததில்லை. தண்ணிக் குழாயடிச் சண்டையில் முதலில் வந்து விழுவது அதுதான். மலடன் என்ற சொல்லும் தமிழில் உண்டு. எம்.ஏ. தமிழ் படிக்கும்போது அகராதியில்தான் அதைப் பார்த்தேன். தெருவுக்கு அது வரவே இல்லை. பிள்ளையில்லாக் குறை பொம்பளையோடதுதான் என்று முடிவுகட்டிவிட்ட சமூகத்துக்கு ஆண்பால் சொல் எதற்கு?

கல்யாணமாகி ஆறு வருஷம் எனக்குப் பிள்ளை இல்லை. மேடையில் பெண் விடுதலை பேசுகிறவள் என்று பார்த்து யாரும் என்னை விட்டுவிடவில்லை. வளைகாப்புக்குக் கூப்பிட மாட்டாங்க. ஸ்கேன், ரத்தச் சோதனை, கருக்குழாயில் அடைப்புப் பார்க்கிற எக்ஸ்ரே, எல்லாம் எனக்கே. கடைசியில் ஒரு டாக்டரம்மாதான், "வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாம்மா" என்றார். அவருக்கு விந்தணு எண்ணிக்கை சரியாகவே இருந்தது. ஆனால் அணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்துக் கொத்தாகக் கிடந்தன. அவர் உடம்பே அவற்றுக்கு எதிராக ஆன்டிபாடியை, அதாவது எதிர்ப்பொருளை உண்டாக்கியிருந்தது. சின்ன வயசில் சடுகுடு ஆடி விதையில் அடிபட்டு ஆபரேஷன் நடந்ததாம். அது காரணமாக இருக்கலாம் என்றார் டாக்டரம்மா.

எது தன்னுடையது, எது அந்நியம் என்று நோய் எதிர்ப்புச் சக்தி சிறுவயதிலேயே பழகிக்கொள்கிறது. விந்தணு உருவாவதோ பருவ வயதில். அதனால் அது அறிமுகமில்லாத ஆள். ரத்தத்தோடு அது கலந்துவிடாமல் விதைக்குள் ஒரு தடுப்பு இருக்கிறது. அடிபட்டோ, விதை முறுக்கிக்கொண்டோ, கிருமி தொற்றியோ, கருத்தடை ஆபரேஷனாலோ விந்தணு அந்தக் காவலை மீறி வெளியே கசிந்தால் எதிர்ப்பொருள் பிறக்கலாம். அது அணுக்களைக் கொத்தாகப் பிணைக்கும். கருப்பைவாய்ச் சளியில் நீந்த விடாது. முட்டையோடு சேரவும் தடுக்கும். ஆண்களிடம் இது இருப்பதை 1954இல் ரூம்கே, வில்சன் என்ற இருவர் தனித்தனியே எழுதினார்கள். சில பெண்களின் உடம்பிலும் இது உண்டாவதுண்டு. இது இருந்தாலே பிள்ளை பிறக்காது என்றில்லை; நிறைய அணுக்களில் ஒட்டியிருந்தால் வாய்ப்புக் குறையும்.

இதில் நம்ம சனங்களுக்குத் தனிக் கணக்கு ஒன்று உண்டு. நெருக்கடி நிலையின்போது, 1976-77 என்ற ஒரே ஆண்டில், நாடு முழுக்க 80 லட்சத்துக்கும் மேல் கருத்தடை ஆபரேஷன் நடந்தது. பெரும்பாலும் ஆண்களுக்கு. வடமாநிலங்களில் ஆட்களைப் பிடித்துக்கொண்டுபோய் அறுத்தார்கள். அதிகம் சிக்கியவர்கள் ஏழைகள், தலித்துகள், முஸ்லிம்கள். விந்துக் குழாயை அறுத்துக் கட்டிய ஆண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு எதிர்ப்பொருள் உண்டாகிறது. பின்னால் குழாயைச் சேர்த்து வைத்தாலும் பலருக்கு அது போவதில்லை. கத்தி வைக்கும் முன்னால் இதை அவர்களிடம் எவன் சொன்னான்?

அதன்பின் அரசாங்கத்தின் கத்தி பொம்பளை வயிற்றுக்குத் திரும்பியது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் பெண் கருத்தடை 37.9 சதவீதம், ஆண் கருத்தடை 0.3 சதவீதம். பிள்ளை பெற்றால் அறுவை அவளுக்கு. பெறாவிட்டால் வசவும் அவளுக்கு.

மருத்துவம் இல்லாமல் இல்லை. ஒரே ஒரு விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்தும் முறையில் 1992 முதலே குழந்தைகள் பிறந்திருக்கின்றன. எதிர்ப்பொருள் அங்கே பெரிய தடையில்லை. ஆனால் தனியார் ஆஸ்பத்திரியில் ஒரு முறைக்கே லட்சம் தாண்டும். கூலிக்காரன் எங்கே போவான்?

என் வீட்டுக்காரர் அவங்க அம்மாவிடம் நேராகவே சொன்னார்: "கொற எங்கிட்டதாம்மா." என்னை மலடி என்ற வாய்கள் அவரை ஒரு சொல் சொல்லவில்லை. "பாவம் தம்பி" என்றன. அவரையும் அந்தச் சொல்லால் அடிக்கணும் என்று நான் கேட்கவில்லை. அவருக்குக் கிடைத்த இரக்கம் எனக்கு ஏன் ஆறு வருஷமாகக் கிடைக்கவில்லை என்றுதான் கேட்கிறேன்.

விந்துச் சோதனைக்குக் கத்தி வேண்டாம், வலி இல்லை, செலவும் கொஞ்சம். பொம்பளையைப் படுக்கவைத்து எக்ஸ்ரே எடுக்கும் முன்னால் ஆம்பளையைச் சோதிச்சுப் பாருங்க. அணுக்கள் கொத்தாகக் கிடந்தால் எதிர்ப்பொருள் சோதனையும் கேளுங்க. பெண்கள் கூட்டம் போடும் தோழர்கள் இதை ஆண்களைக் கூட்டி வைத்துச் சொல்லுங்க.