சனிக்கிழமைப் புறப்பாடு

எங்கள் வீட்டில் ஒரு கல்யாணத்தை நிச்சயம் பண்ணிவிடலாம்; ஒரு நாள் வெளியே போய்விட்டு வருவதை நிச்சயம் பண்ண முடியாது. கல்யாணத்துக்காவது பஞ்சாங்கம் என்று ஒன்று இருக்கிறது. புரோகிதர் என்று ஒருவர் இருக்கிறார். அவர் நாள் சொன்னால் எல்லோரும் வாயை மூடிக்கொள்கிறார்கள். உல்லாசப் பயணத்துக்குப் புரோகிதர் கிடையாது. வீட்டிலே உள்ள அத்தனை பேரும் புரோகிதர்கள்தான்.

தில்லி ராமகிருஷ்ணபுரத்தில் குடியிருக்கிறேன். அங்கிருந்து சாணக்கியபுரியில் இருக்கும் தேசிய ரயில் மியூஸியத்தைக் கூப்பிடு தூரம் என்று சொல்ல முடியாது. ஆனால் ஆட்டோக்காரர் முகத்தைச் சுளிக்கும் அளவுக்குக் கிட்டத்தில் இருக்கிறது. 1977-ல் திறந்த இடம். பதினைந்து வருஷமாக அந்தப் பக்கம் போய் வந்துகொண்டிருக்கிறேன். உள்ளே நுழைந்ததில்லை. ஊரில் இருக்கிற விசேஷத்தை வெளியூர்க்காரன் வந்துதான் பார்க்க வேண்டும் என்பது எந்த ஊருக்கும் பொதுவான சட்டம்.

வெளியூர்க்காரர் கார்த்திகை மாசமே வந்துவிட்டார். விழுப்புரத்திலிருந்து என் தகப்பனார். வயது எண்பத்திரண்டு. கண்ணைக் காட்டுவதற்காக நான்தான் பிடிவாதமாக வரவழைத்தேன். டாக்டர் பார்த்தார், சொட்டு மருந்து எழுதினார். அப்பாவை வெளியே உட்கார வைத்துவிட்டு என்னிடம் மட்டும் சில வார்த்தைகள் சொன்னார். கண் நரம்பு வாடிக்கொண்டு வருகிறது, போன பார்வை திரும்பாது, மருந்து இருப்பதைக் கொஞ்ச நாள் காப்பாற்றும், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்ததும், "என்னடா சொன்னார்?" என்று அப்பா கேட்டார். "மருந்தை விடாமல் போடச் சொன்னார்" என்றேன். அவரும் மேலே கேட்கவில்லை. எங்கள் குடும்பத்தில் முக்கியமான பேச்சுகளெல்லாம் இந்த அளவில்தான் நடக்கும்.

மியூஸியம் யோசனை என் பையனுடையது. பத்து வயது. "தாத்தா ரயில் டிரைவர்தானே? தாத்தாவோட போனா எல்லாம் சொல்லுவார்" என்றான். யோசனையைக் கேட்டதும் நான் உற்சாகமாகிவிட்டேன். டாக்டர் சொன்ன 'கொஞ்ச நாள்' என் மனசில் உட்கார்ந்திருந்தது. அதை யாரிடமும் சொல்லாமல், ஏதோ எனக்கே ரயில் பைத்தியம் பிடித்தமாதிரி ஏற்பாடுகளில் இறங்கினேன்.

முதலில் நாள். ஜனவரி வேண்டாம் என்று தீர்மானமாயிற்று. தில்லிப் பனிமூட்டத்தில் எதிரே நிற்கும் இஞ்சின் தெரியாது, கண்ணுள்ளவனுக்கே தெரியாது. பிப்ரவரியில் வெயில் இதமாக இருக்கும். என் அலுவலகத்தில் ஒரு திங்கட்கிழமை லீவு சுலபமாகக் கிடைக்கும் போலிருந்தது; திங்கட்கிழமை மியூஸியத்துக்கும் லீவு! ஞாயிற்றுக்கிழமை கூட்டம். ஆக, சனிக்கிழமை.

அடுத்தது என் மனைவியின் திருத்தம். சனிக்கிழமையாக இருப்பதால் காலையில் மலை மந்திரில் சுவாமிநாத சுவாமியைத் தரிசித்துவிட்டுப் போகலாம் என்றாள். மலை மந்திருக்கு எத்தனை படி என்று அப்பா விசாரித்தார். அத்துடன் அந்தத் திருத்தம் தோற்றது. அடுத்த வீட்டுக்காரர்கள் தாங்களும் வருவதாகச் சொன்னார்கள், பிறகு வரவில்லை என்றார்கள், பிறகு குழந்தையை மட்டும் அனுப்புவதாகச் சொன்னார்கள். அந்த விவகாரத்தை விட்டுவிடுகிறேன்.

சாப்பாடு பற்றி இரண்டு இரவுகள் விவாதம் நடந்தது. "அங்கேயே ஏதாவது வாங்கிச் சாப்பிட்டால் போகிறது" என்று நான் சொன்னேன். "மாமாவுக்குச் சோளே பட்டூரா ஒத்துக்குமா?" என்று ஒரே கேள்வியில் என்னை உட்கார வைத்தாள். புளியோதரை, தயிர்சாதம், வடகம். வழியில் நேரு பார்க்கில் ஜமக்காளம் விரித்துச் சாப்பிடுவது. இதில் நான் வடகத்தை மட்டும் ஆட்சேபித்துத் தோற்றேன்.

எதை எந்த வரிசையில் பார்ப்பது என்பதற்குப் பையன் ஒரு ஜாபிதா எழுதினான். அவனுக்கு முதலிடம் பாட்டியாலா சமஸ்தானத்து ஒற்றைத் தண்டவாள ரயில். நான் படித்துச் சொன்ன பிறகுதான் எனக்கே அதன் சூட்சுமம் விளங்கிற்று. ஒரே ஒரு தண்டவாளம். வண்டியின் ஒரு பக்கத்துச் சக்கரங்கள் அதன்மேல் உருளும். மறு பக்கம் சாய்ந்துவிடாமல் ஒரு பெரிய சக்கரம் சாலை மீதே உருண்டு வரும். பாரத்தில் பெரும் பங்கைத் தண்டவாளம் சுமந்துகொள்வதால் இழுப்பது சுலபம். 1907-ல் ஆரம்பித்தபோது கோவேறு கழுதைகள் இழுத்தனவாம். பிறகு ஜெர்மனியிலிருந்து இஞ்சின் வரவழைத்தார்கள். 1927-ல் மூடிவிட்டார்கள். "கழுதைக்கு டிரைவர் உண்டா தாத்தா?" என்று பையன் கேட்டான். "கழுதைதான் டிரைவர்" என்றார் அப்பா.

என் மனைவிக்கு 1899-ம் வருஷத்து மைசூர் மகாராஜா ஸலூன். தேக்கு, தந்தம், தங்க வேலைப்பாடு என்றதும் ஜாபிதாவில் அது மேலே ஏறிவிட்டது. வேல்ஸ் இளவரசருக்காக 1875-ல் செய்த வண்டியும் உண்டு என்றேன். "அது இருக்கட்டும்" என்றாள். மைசூர் என்றால் பிறந்த வீட்டுப் பக்கம், இங்கிலாந்து அப்படியல்ல.

இத்தனைக்கும் அப்பா மட்டும் வருவதாகச் சொல்லவில்லை.

"ஓடாத வண்டியைப் பார்க்க டிக்கெட் வேறயா? நீங்க போயிட்டு வாங்க. நான் வீட்டைப் பார்த்துக்கறேன்."

இதை அவர் தினம் ஒரு தடவை சொன்னார். நானும் வற்புறுத்தவில்லை. அவருக்கு இஞ்சின்மேல் வருத்தம் உண்டு என்று எனக்குத் தெரியும். அதாவது, தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். 1993-ல், அவருக்கு ஐம்பது வயதில், கண் பரிசோதனையில் தவறியதாகச் சொல்லி வண்டியிலிருந்து இறக்கிவிட்டார்கள். டிரைவர்கள் தங்கி இளைப்பாறும் ரன்னிங் ரூமில் கணக்கெழுதும் வேலை கொடுத்தார்கள். 2003-ல் ஓய்வு பெறும்வரை பேரேடும் தலையணை உறைகளும்தான். அப்போது எனக்குப் பதினேழு வயது. உலகத்தில் நியாயம் இல்லை என்று கண்டுபிடிப்பதற்கு உகந்த வயது. ஐந்தாறு வருஷம் கழித்து அச்சேறிய என் முதல் கதையே அதுதான். ஒரு நல்ல டிரைவர். அவரைக் காரணமில்லாமல் தள்ளிவிடும் ஒரு கொடுமைக்கார டாக்டர். அந்த டாக்டருக்குத் தங்க ஃப்ரேம் கண்ணாடி கூடப் போட்டிருந்தேன். பத்திரிகையை அப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். படித்தார். மடித்து அலமாரியில் வைத்தார். "அச்சு நல்லா இருக்கு" என்றார்.

புதன்கிழமை ராத்திரி சாப்பாட்டின்போது மியூஸியத்தில் என்னென்ன இருக்கிறது என்று செல்போனைப் பார்த்து வாசித்துக்கொண்டிருந்தேன். பெங்கால் நாக்பூர் ரயில்வேயின் காரட் இஞ்சின்: நடுவில் ஒரு கொதிகலன், முன்னும் பின்னும் இரண்டு இஞ்சின்களுக்குச் சமமான சக்கரங்கள். 1947-ல் அமெரிக்காவிலிருந்து வந்த டபிள்யூ.பி. 7200. அடுத்தது, ஒய்.ஏ.எம்.-1, மீட்டர் கேஜ் மின்சார இஞ்சின்.

ரசஞ்சாதத்தைப் பிசைந்த கை நின்றது.

"நம்பர் போட்டிருக்கா?"

"21904."

"மிட்சுபிஷி வண்டி" என்றார். "எங்க வண்டிடா அது. இங்கே எப்படி வந்தது?"

அன்று அவர் பேசியமாதிரி நான் கேட்டதில்லை. 1960-களில் தாம்பரத்திலிருந்து விழுப்புரம் வரைக்கும் மீட்டர் கேஜில் இருபத்தையாயிரம் வோல்ட் மின்சாரம் வந்தது. அதற்காக ஜப்பானிலிருந்து வந்தவை மொத்தம் இருபதே இஞ்சின்கள். விழுப்புரத்தில் அதைக் கழற்றிவிட்டு, தெற்கே போவதற்கு நீராவி இஞ்சினைப் பூட்டுவார்கள். அப்பா நீராவிப் பக்கம் கிளீனராகச் சேர்ந்து, ஃபயர்மேனாகக் கரி வாரிப் போட்டு, பிறகு இந்தப் பக்கம் வந்தவர். "கரி வண்டியில முகம் கறுக்கும்; இதில முகம் வெளுத்து இறங்கலாம். உங்கம்மாவுக்கு இந்த வண்டியத்தான் பிடிக்கும், சட்டை துவைக்கறது சுலபம்" என்றார். மீட்டர் கேஜ் எல்லாம் அகலப் பாதையாகிப்போய், கடற்கரை–தாம்பரம் கடைசி மீட்டர் கேஜ் ஓட்டமும் 2004-ல் நின்றுவிட்டது. இருபதில் ஒன்று, தாம்பரத்தையும் விழுப்புரத்தையும் விட்டு, தில்லியில் எங்கள் வீட்டிலிருந்து ஆட்டோ தூரத்தில் நின்றுகொண்டிருந்தது!

வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. எழுந்து கை கழுவப் போனார்.

மறுநாள் பையன் என்னிடம் ரகசியமாக ஒன்று சொன்னான். பார்க்குக்கு நடந்து போகும்போது தாத்தா கடைப் பலகையெல்லாம் படிப்பாராம். "ஆனா அப்பா, நான் முதல்ல படிச்சாத்தான் அவர் படிக்கிறார். நான் சும்மா இருந்தா அவரும் சும்மா இருக்கார்."

வெள்ளிக்கிழமை ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு பால்கனியில் அவர் உட்கார்ந்திருந்தார். சொட்டு மருந்து போட்டுவிடப் போனேன். போட்டு முடித்ததும், கண்ணை மூடினபடியே பேசினார்.

"சிக்னலைச் சத்தமாச் சொல்லணும், தெரியுமில்ல? டிரைவரும் சொல்லணும், அசிஸ்டெண்டும் சொல்லணும். ரெண்டு பேர் கண்ணும் ஒண்ணைப் பார்த்துச்சான்னு தெரிஞ்சுக்கறதுக்கு."

"தெரியும்ப்பா."

"அந்த வருஷம் ஆறு மாசம் நான் பார்க்கலை. ராத்திரியில விளக்கு கலங்கலாத் தெரியும். சிகப்பா மஞ்சளான்னு புரியாது. கூட இருந்த பையன் சின்ன வயசு, நல்ல கண்ணு. அவன் சொல்லுவான், நான் திருப்பிச் சொல்லுவேன். ஆறு மாசம். பின்னாடி எத்தனை பெட்டி, எத்தனை ஜனம்."

நான் பேசாமல் நின்றேன்.

"ஒருநாள் அவன் கண் அசந்துட்டான். ஒரு நிமிஷம் இருக்கும். எதுவும் ஆகலை. ஆனா அந்த ஒரு நிமிஷம் வண்டியில யாருக்குமே கண்ணு இல்லை. மறுநாள் நானே போய் எழுதிக் கொடுத்தேன், கண்ணைப் பாருங்கன்னு. அந்த டாக்டர் நல்ல மனுஷன்டா. இன்னும் ஒரு வருஷம் ஓட்டியிருக்கலாமே, டெஸ்டுக்கு இன்னும் நாள் இருக்கேன்னார். நீ அவரைத்தான் கதையில அப்படி எழுதிட்டே."

முப்பது வருஷமாக எழுதுகிறவன் நான். மனிதர்களின் முகத்தைப் பார்த்தே மனசைச் சொல்லிவிடுவேன் என்று விமர்சகர் ஒருவர் பாராட்டிக்கூட எழுதியிருக்கிறார். தங்க ஃப்ரேம் கண்ணாடி என் ஞாபகத்துக்கு வந்தது.

"ஏம்ப்பா அப்பவே சொல்லலை?"

"நீ அவ்வளவு கோபமா எழுதியிருந்தே. எனக்காகக் கோபப்பட்டவன் நீ ஒருத்தன்தான்."

கொஞ்ச நேரம் கழித்து, "டாக்டர் என்ன சொன்னார்னு எனக்குத் தெரியும்" என்றார். "என் கண்ணுல என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியாதா? காலையில எத்தனை மணிக்குக் கிளம்பணும்?"

பத்து மணி என்று திட்டம். பதினொன்றே முக்காலுக்குக் கிளம்பினோம். புளியோதரைப் பாத்திரத்தின் மூடி கிடைக்கவில்லை. நேரு பார்க்கில் முதலில் சாப்பிட்டுவிடுவது என்று கடைசி நிமிஷத்தில் மாறிற்று. சாப்பிட்டதும் எனக்குத் தூக்கம் வந்தது. மைசூர் ஸலூனை என் மனைவி ஜன்னல் ஜன்னலாகப் பார்த்து, தூசி தட்டாமல் வைத்திருக்கிறார்கள் என்று தீர்ப்புச் சொன்னாள். பாட்டியாலா ரயிலைப் பார்த்துவிட்டுப் பையன், "தாத்தா, இது சைக்கிளுக்குச் சின்ன சக்கரம் கட்டினமாதிரி இருக்கு" என்றான். அது சரியான விளக்கம்தான். நான் அரைப் பக்கம் எழுதியது அனாவசியம்.

மிட்சுபிஷி இஞ்சினிடம் வந்தபோது அப்பா என் கையை விட்டுவிட்டுப் பையனுடைய தோளைப் பிடித்துக்கொண்டார். கிட்டத்தில் போய் உள்ளங்கையை இரும்பின்மேல் வைத்தார். வெயிலில் அது சூடேறியிருந்தது.

"நம்பரைப் படிங்க தாத்தா" என்றான் பையன்.

"எனக்குத் தெரியலைடா" என்றார் அப்பா. "நீ சொல்லு."

அவன் ஒவ்வோர் எண்ணாக, சத்தமாகச் சொன்னான்.