நீர்மேல் எழுத்து

நிலையாத ஒன்றை 'நீர்மேல் எழுத்து' என்பது தமிழ் வழக்கு. நீந்துபவரின் ஒவ்வொரு கைவீச்சும் அத்தகையதே. நுரை அடங்குமுன் மறைந்துவிடும். கரையில் நிற்கும் பயிற்சியாளரின் கடிகாரம் மொத்த நேரத்தை மட்டுமே காட்டும். வேகம் எவ்விடத்தில் குறைந்தது என்பதைக் காட்டாது.

அதனை அறிய முயன்றவர்களுள் ஒருவர், அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியராகப் பணியாற்றிய கென் ஓனோ. கும்பகோணத்தில் வளர்ந்த கணிதமேதை இராமானுஜனின் தேற்றங்களை ஆராய்ந்து புகழ்பெற்றவர் இவர். நீச்சல் வீரர்களின் உடலில் சிறிய இயக்க உணரிகளை அணிவித்து, நொடிக்கு 512 முறை அவர்களின் அசைவை அளந்தார். கைகள் நீரை இழுக்கும்போது வேகம் கூடுவதும், தலையின் நிலை சற்றே பிறழ்ந்தால் குறைவதும் கணினித் திரையில் வளைகோடுகளாய்த் தோன்றின.

அவ்வாறு அளக்கப்பட்டவர்களுள் ஒருவர் கேட் டக்ளஸ். புள்ளியியல் பயின்ற அவர், தம் உடல் எழுதிய எண்களைத் தாமே படித்தார்; அவ்வாய்வுக் கட்டுரையின் ஆசிரியர்களுள் ஒருவராகவும் விளங்கினார். 2024ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் 200 மீட்டர் மார்பு நீச்சலில் தங்கப்பதக்கம் வென்றார்.

உணரி குறையைச் சுட்டும். அதனைத் திருத்த, மறுநாள் விடியலில் மீண்டும் நீரில் இறங்க வேண்டியவர் நீந்துபவரே.