மலை இறங்கி வந்த பொட்டி ரெண்டு!

ஒரு கேள்வி பாஸ். பாட்டு கேக்கறதுக்காக நீங்க அதிகபட்சம் எவ்வளவு தூரம் போயிருக்கீங்க? கச்சேரி, கல்ச்சுரல்ஸ் எல்லாம் கணக்குல சேராது. வீட்டுல, உங்க ரூம்ல, தரையில உக்காந்து கேக்கற பாட்டு. அதுக்காக?

நான் போனது திண்டுக்கல்லுல இருந்து அருவங்காடு வரைக்கும். போகும்போது கையில ஒரு பென்டார்ச் பேட்டரி, ஒரு மல்டி மீட்டர், பாக்கெட்டுல ஏழாயிரம் ரூபாய். வரும்போது ரெண்டு பொட்டி. ஒவ்வொண்ணும் அரை மூட்டை அரிசி கனம்!

விஷயம் இதுதான். 2022 நவம்பர். கூடப் படிக்கிற அருவங்காட்டுப் பையன் ஒரு போட்டோ அனுப்பினான். 'பக்கத்து வீட்டு சார் வீட்டைக் காலி பண்றார்டா. இந்த ஸ்பீக்கரை யாருக்காவது வேணுமான்னு கேக்கறார். திங்கக்கிழமை பழைய இரும்புக்காரன் வர்றான்.' போட்டோ கலங்கலா இருந்துச்சு. பெரிசு பண்ணிப் பார்த்தா, கீழே ஓரமா ஒரு சின்னத் தகடு. வார்ஃப்டேல் லிண்டன். எனக்குத் தூக்கம் போச்சு.

பேரு புதுசா இருக்கேன்னு முழிக்கிறவங்களுக்கு ஒரு சின்ன ஃப்ளாஷ்பேக். இங்கிலாந்துல யார்க்‌ஷயர் பக்கம் கில்பர்ட் பிரிக்ஸ்னு ஒருத்தர். 1932-ல தன் வீட்டு நிலவறையில உக்காந்து ஸ்பீக்கர் செய்ய ஆரம்பிச்சார். அந்தப் பள்ளத்தாக்கோட பேரையே கம்பெனிக்கு வெச்சார். 1954-ல லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலை வாடகைக்கு எடுத்து, மேடையில நிஜ வாத்தியத்தையும் தன் ஸ்பீக்கரையும் மாத்தி மாத்தி ஒலிக்கவிட்டு, 'வித்தியாசம் தெரியுதா பாருங்க'ன்னு ஜனங்களைக் கூப்பிட்டுக் காட்டினார். என்னா தில்லு! லிண்டன் அவர் கம்பெனியோட பழைய மாடல்கள்ல ஒண்ணு. அதே பேர்ல 2019-ல திரும்பவும் விட்டாங்க. ஆனா அது லட்ச ரூபாய் சமாச்சாரம். நம்ம லெவலுக்குப் பழசுதான் கதி.

ஏழாயிரம் எப்படி வந்துச்சுன்னு கேளுங்க. கல்யாண மண்டபத்துல பந்தி பரிமாறினது. ஒரு முகூர்த்தத்துக்கு ஐந்நூறு. சாம்பார் வாளியோட பதினாலு முகூர்த்தம். செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்கன்னு சேர்த்த காசு அது. வீட்டுல 'புராஜெக்ட் விஷயமா ஊட்டி பக்கம் போறேன்'னு சொல்லிட்டுக் கிளம்பிட்டேன். பாதி உண்மை. ஊட்டி பக்கம்தானே?

சனிக்கிழமை ராத்திரி பஸ் ஏறினா விடிகாலையில சிங்காநல்லூர். கோயம்புத்தூர்ல உங்களுக்கு முக்கியமா தெரிய வேண்டியது, அங்க ஊருக்கு ஒரு திசை, திசைக்கு ஒரு பஸ் ஸ்டாண்ட். மதுரை, திண்டுக்கல் பக்கம்னா சிங்காநல்லூர். நீலகிரின்னா மேட்டுப்பாளையம் ரோடு. நடுவுல மொத்த ஊரையும் தாண்டணும். கையை வீசிக்கிட்டுப் போறப்போ இது ஒரு விஷயமே இல்ல. திரும்பி வர்றப்போதான் புரியும்.

மேட்டுப்பாளையம் தாண்டினதும் பாக்குத் தோப்பு, கல்லாறு, அப்புறம் கொண்டை ஊசி வளைவுகள். பதினாலு. ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு டிகிரி குளிர் ஏறும். மலை ரயில்ல போகணும்னுதான் எனக்கும் ஆசை. 2005-ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்த ரயிலாச்சே. ஆனா நவம்பர் மழையில பாதி நாள் தண்டவாளத்துல மண் சரிஞ்சு கிடக்கும், அதை நம்ப முடியாது. குன்னூர்ல இறங்கி டீ குடிச்சிட்டு வேற பஸ். வெலிங்டன் தாண்டினா அருவங்காடு. பனி மூட்டத்துல பத்தடிக்கு அப்பால என்ன இருக்குன்னே தெரியல.

சார் கார்டைட் ஃபேக்டரியில வேலை பார்த்து ரிடையர் ஆனவர். ஸ்வெட்டர், மங்கி கேப், கழுத்துல மஃப்ளர். வீட்டுல பாதி சாமான் கட்டி வெச்சிருந்தாங்க. சென்னையில மக வீட்டுக்குப் போறாங்களாம், ஃப்ளாட். 'இதை எங்க வெக்கறது, அவ வீட்டுல எனக்கே இடம் கட்டில் அளவுதான்'னு சிரிச்சார். அவங்க வீட்டம்மா சிரிக்கல.

1983-ல, ஊர் மாறிப் போன ஒரு எஸ்டேட் மேனேஜர்கிட்ட இருந்து வாங்கினாராம். அந்தக் காலத்துல வெளிநாட்டு எலெக்ட்ரானிக்ஸ்னா வரியிலேயே முதுகு உடைஞ்சிடும். வெளிநாட்டுல இருந்து வந்தவங்க கொண்டு வந்தா உண்டு. 'நாலு மாச சம்பளம் தம்பி. வீட்டுல ரெண்டு மாசம் பேச்சுவார்த்தை கிடையாது'ன்னார். அம்மா உள்ளேயிருந்து, 'மூணு மாசம்'னு திருத்தினாங்க.

இங்க கொஞ்சம் நின்னு கவனிங்க, நாளைக்கு நீங்களும் பழைய ஸ்பீக்கர் வாங்கப் போவீங்க. முதல்ல முன்னாடி இருக்கற துணி ஃப்ரேமைக் கழட்டச் சொல்லுங்க. கழட்ட மாட்டேன்னு சொன்னா கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க. பெரிய கோனைச் சுத்தி ஒரு வளையம் இருக்கும். அது ஃபோம்னா பத்துப் பதினைஞ்சு வருஷத்துல நம்ம ஊர் வெக்கைக்கு மிக்சர் மாதிரி உதிர்ந்துடும். ரப்பர்னா தப்பிச்சீங்க. கோனை ரெண்டு பக்கமும் விரலை வெச்சு மெதுவா, நேரா உள்ளே அழுத்துங்க. கரகரன்னு உரசினா உள்ளே காயில் அடிபட்டிருக்கு. அப்புறம் பென்டார்ச் பேட்டரியைப் பின்னாடி ரெண்டு முனையிலயும் ஒரு செகண்ட் தொட்டு எடுங்க. 'டொப்'புன்னு கோன் முன்னாடி வரணும். கடைசியா, பொட்டியோட அடிப்பலகை. அது மரத்தூள் பலகை. தண்ணி பட்டா அப்பளமா உப்பிடும்.

எல்லாம் பாஸ். நீலகிரி ஈரத்துல நாப்பது வருஷம் ஒரு பொட்டி உப்பாம இருக்கறது எப்படி? 'மழைக்காலத்துல பக்கத்துல ஒரு நாப்பது வாட்ஸ் குண்டு பல்பை எரிய விட்டுடுவேன்'னார் சார். குழந்தைக்குக் கணப்பு மூட்டற மாதிரி!

அப்புறம் இளையராஜாவோட 'ஹவ் டு நேம் இட்' போட்டார். 1986-ல வந்த ஆல்பம். வி.எஸ்.நரசிம்மனோட வயலின் ரெண்டு பொட்டிக்கும் நடுவுல, சும்மா இருக்கற சுவத்துல இருந்து வந்துச்சு. பொட்டியில இருந்து வரல பாஸ், சுவத்துல இருந்து! நான் எழுந்து போய் சுவத்தைத் தொட்டுப் பார்த்தேன். சார் ஒண்ணும் சொல்லல. அவரும் முதல் நாள் தொட்டிருப்பார்.

பேரம் பேசவே வாய் வரல. ஏழாயிரத்தையும் குடுத்தேன். எண்ணி, ஐந்நூறைத் திருப்பிக் குடுத்து, 'ஊர் போய்ச் சேரணும்ல'ன்னார். இரும்புக்காரன் காந்தத்துக்கும் பலகைக்கும் சேர்த்து நானூறு சொன்னானாம். 'காசுக்காக இல்ல தம்பி. உடைப்பாங்க, அதான்.' ஒரே ஒரு கண்டிஷன் போட்டார். வீட்டுல மாட்டினதும் போன் பண்ணி அவருக்குக் கேக்க விடணும். இடது பொட்டியில சின்னதா 'இ' எழுதியிருந்தார். 'அதை மட்டும் ஒரு தடவை கழட்டியிருக்கேன், ஞாபகம் வெச்சுக்கோ'ன்னார். நான் எங்க ஞாபகம் வெச்சேன்.

ரெண்டையும் முகத்தோட முகம் பார்க்க வெச்சு, நடுவுல அட்டை குடுத்து ஒரு தடவை கட்டிப் பார்த்தோம். தூக்க முடியல. பிரிச்சு, தனித்தனியா பிளாஸ்டிக் ஷீட், அதுக்கு மேல அம்மா குடுத்த பழைய கம்பளி, அதுக்கு மேல கயிறு. உள்ள இருக்கறது காந்தம், ஏ.டி.எம். கார்டை மட்டும் வேற பாக்கெட்டுல வெச்சுக்கோங்க.

குன்னூர் பஸ் ஸ்டாண்ட் வந்தா, பர்லியார் பக்கம் ரோட்டுல பாறை விழுந்துடுச்சு, எல்லா வண்டியும் கோத்தகிரி சுத்தித்தான் போகும்னாங்க. மழை வேற. கண்டக்டர் பொட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். 'லக்கேஜ் போட்டுடறேன். ஆனா உருண்டா நீதான் புடிக்கணும்.' கடைசி சீட்டுக்கு முன்னாடி இடம். ஒண்ணை ரெண்டு முட்டிக்கு நடுவுல இடுக்கிக்கிட்டேன். இன்னொண்ணு? பக்கத்துல வெள்ளைச் சீலை போர்த்தின ஒரு பாட்டி, கேரட் பையோட.

'என்ன தம்பி, சாமியா?'

'இல்ல பாட்டி, பாட்டுப் பொட்டி.'

'ரெண்டு எதுக்கு?'

இந்தக் கேள்விக்கு ஸ்டீரியோன்னு பதில் சொல்லிப் புரிய வைக்கிறதுக்குள்ள முதல் வளைவு வந்துச்சு. பாட்டி சட்டுனு கால் ரெண்டையும் பொட்டிக்கு முட்டுக் குடுத்து, மேல கையை வெச்சு அமுக்கிக்கிட்டாங்க. 'நீ அதைப் புடி. நான் இதைப் பாத்துக்கறேன்.' கோத்தகிரி வரைக்கும், அத்தனை திருப்பத்துலயும், அந்தக் கை எடுக்கல. இறங்கும்போது பொட்டியை ரெண்டு தட்டு தட்டிட்டுப் போனாங்க. அப்புறம் கீழே வரைக்கும் அந்த இடத்துல ஒரு ஸ்கூல் பையன் டியூட்டி பார்த்தான். அவனுக்குச் சம்பளம் ஒரு கடலை மிட்டாய்.

கோயம்புத்தூர்ல சாயங்காலம் கொட்டுற மழை. இப்போ அந்தத் திசைக்கு ஒரு பஸ் ஸ்டாண்ட் சமாச்சாரத்துக்கு வாங்க. இதோட டவுன் பஸ்ல ஏற முடியாது. ஆட்டோக்காரர் சொன்ன ரேட்டைக் கேட்டு நெஞ்சு அடைச்சது. ஆனா கம்பளி ஓரம் நனைய ஆரம்பிச்சிடுச்சு. அப்பளம் ஞாபகம் வந்துச்சு. ஏறிட்டேன். பொட்டி ரெண்டும் சீட்டுல. நான் டிரைவர் பக்கத்துல ஒண்டி, நனைஞ்சுக்கிட்டு.

சிங்காநல்லூர்ல ரெண்டு பஸ் 'ஏத்த முடியாது'ன்னு போயிடுச்சு. மூணாவது வண்டி கண்டக்டர், 'டிக்கியில போட்டுக்கோ'ன்னார். டிக்கியைத் திறந்தா அடியில தண்ணி! 'அண்ணே, அதுக்கும் சேர்த்து ரெண்டு டிக்கெட் எடுத்துக்கறேன்'னேன். ஒரு ஆளுக்கு மூணு டிக்கெட் கிழிச்ச சந்தோஷம் அவர் முகத்துல. சார் திருப்பிக் குடுத்த ஐந்நூறு இல்லேன்னா நான் அன்னிக்கு சிங்காநல்லூர்லதான் குடியிருந்திருப்பேன். தாராபுரத்துல வண்டி நின்னப்போ எல்லாரும் டீ குடிக்க இறங்கினாங்க. நான் இறங்கல. ஒட்டன்சத்திரம் மார்க்கெட் வெங்காய வாசனை வந்ததும்தான், ஊர் வந்தாச்சுன்னு மூச்சு விட்டேன்.

ராத்திரி ஒரு மணிக்கு பஸ் ஸ்டாண்டுல அப்பா, டி.வி.எஸ். எக்ஸெல்லோட. பொட்டிகளைப் பார்த்தார். 'இதான் புராஜெக்டா?'ன்னார். ஒரு ட்ரிப்புக்கு ஒண்ணுதான் போகும். முதல்ல ஒண்ணை வெச்சு ஓட்டிட்டுப் போனார். நான் இன்னொண்ணு மேல உக்காந்திருந்தேன். திரும்பி வந்தவர், 'லேப்டாப் காசா?'ன்னு மட்டும் கேட்டார். தலையாட்டினேன். வீடு வர்ற வரைக்கும் வேற பேச்சு இல்ல.

மறுநாள் காலையில, ஏரியா அண்ணன் ஒருத்தர் அசெம்பிள் பண்ணிக் குடுத்த ஆம்ப்ல மாட்டினேன். அப்பா வாசப்படியில நின்னு பார்த்துக்கிட்டு இருந்தார். பாட்டு வந்துச்சு. ஆனா வயலின் சுவத்துல இல்ல. வலது பக்கமா ஒதுங்கி நின்னுச்சு. இடது பொட்டிகிட்ட காதை வெச்சேன். கீழ் சத்தம் இருக்கு, மேல இருக்கற சின்ன ட்வீட்டர்ல ஒண்ணுமே இல்ல. வயர்களை இடம் வலம் மாத்திப் போட்டேன். அப்பவும் அதே பொட்டிதான் ஊமை. அப்போ கோளாறு ஆம்ப்ல இல்ல, பொட்டிக்குள்ள. எந்த வளைவுல போச்சு? எந்தப் பள்ளத்துல? வயித்துல புளி கரைச்சது. பதினாலு முகூர்த்த சாம்பார் வாளி கண்ணு முன்னாடி வந்துச்சு.

வேற வழியில்லாம சாருக்குப் போன் அடிச்சேன். பாட்டு கேக்கவிட இல்ல, அழறதுக்கு.

பொறுமையா கேட்டார். 'இ எழுதினதா? சரி. பின்பக்கம் உள்ளே ஒரு சின்னப் போர்டு இருக்கும். காயில், கண்டென்சர் எல்லாம் தெரியும். ட்வீட்டருக்குப் போற சிவப்பு வயர் ஒட்டின இடத்தை லேசா ஆட்டிப் பாரு.' திருகாணி ஒவ்வொண்ணாக் கழட்டினேன். அப்பா டார்ச் அடிச்சார். சிவப்பு வயர் தொட்டதும் கையோட வந்துடுச்சு!

'1994-ல நான் வெச்ச சால்டர் தம்பி அது. அன்னிக்கே சரியா உருகல. ரோட்டு மேல தப்பில்ல, என் மேலதான்'னார் சார்.

ரேடியோ ரிப்பேர் கடையில இருந்து அப்பாவே போய் சால்டரிங் அயர்ன் வாங்கிட்டு வந்தார். புகை போற வரைக்கும் ஊதினார். திரும்பப் பூட்டி, ஆம்ப் போட்டு, போனை ரெண்டு பொட்டிக்கும் நடுவுல தரையில வெச்சேன். முழுப் பாட்டும் ஓடுச்சு. அந்தப் பக்கம் சத்தமே இல்ல. முடிஞ்சதும் போனை எடுத்து, 'சார், வயலின் கேட்டுச்சா?'ன்னேன்.

'இந்தப் போன்ல எங்க தம்பி கேக்கும். நீ சொல்லு, எங்க இருந்து வருது?'

'சுவத்துல இருந்து சார்.'

கொஞ்ச நேரம் கழிச்சு, 'மழைக்காலம்ல. பல்பு போட்டுடு'ன்னார்.

'சார், இது திண்டுக்கல்லு.'

'அட, ஆமால்ல'ன்னு சிரிச்சு, போனை அம்மாகிட்ட குடுத்தார்.